வானலை மனு இலக்கணம்

பாயிரம்

காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் நாம். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கென்றால் கொண்டல், மேற்கென்றால் கோடை. பூவுக்கும் அரும்பு முதல் செம்மல் வரை பருவம் வகுத்தோம். அப்படிப்பட்ட மொழியில், காற்றே இல்லாத வெளியிலும் செல்லவல்ல வானலையை யார் யார் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று அரசு கேட்கும்போது பொதுமக்கள் எழுதிப் போடும் மனுக்களை வகுத்துரைக்க ஒரு நூலும் இல்லை. அக்குறை தீர எழுந்தது இது.

பாயிரமென்றால் எல்லை கூற வேண்டும். இந்நூலுக்கு வட எல்லை கனடா, தென் எல்லை மெக்சிகோ. அலைகள் இவ்விரண்டையும் மதித்ததில்லை என்பது பின்னர் விளங்கும். அமெரிக்காவைக் களமாகக் கொண்டது என்னையெனின், மனு எழுத ஆளும் வாங்கி வைக்க அலுவலகமும் அங்கே தொடக்கத்திலிருந்தே இருந்தமையான் என்க. நம் நாட்டில் வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1995இல், ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில்தான். அதுவரை நம்மவர்கள் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது மனு ஆகாது; ஏனெனில் அது சில வேளை நிறைவேறியது.

பங்கீடு

ஒரே ஊரில் ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் பேசினால் இரண்டும் கேட்காது; சீழ்க்கைதான் கேட்கும். எனவே பங்கீடு வேண்டியதாயிற்று. முதலில் கண்ட வழி நேரத்தைப் பிரித்துக்கொள்வது. 1920களில் சிகாகோவின் வானொலி நிலையங்கள் திங்கள்கிழமை இரவுகளில் வாயை மூடிக்கொண்டன. தூரத்து ஊர் நிலையங்களைத் தேடிப் பிடிப்பதில் பித்துக் கொண்டிருந்த நேயர்களுக்காக இந்த ஏற்பாடு. ‘மௌன இரவு’ என்றே அதற்குப் பெயர். ஊடகம் பேசாதிருப்பதே பொதுநலம் என்று கருதப்பட்ட காலம் அது ஒன்றுதான்.

எல்லாரும் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்லர். ஜெனித் நிறுவனத்தின் சிகாகோ நிலையத்துக்குக் கிடைத்த பங்கு, வாரத்துக்கு இரண்டு மணி நேரம். வியாழன் இரவு 10 முதல் 12 வரை. அதுவும் டென்வர் நிலையம் அந்த நேரத்தை வேண்டாமென்று விட்டால். ஜெனித் பொறுத்துப் பார்த்துவிட்டு, கனடாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அலைவரிசைக்குத் தாவியது. வணிக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் வழக்குத் தொடுத்தார். அப்படித் தடுக்க அமைச்சருக்குச் சட்டத்தில் அதிகாரமில்லை என்று 1926இல் நீதிமன்றம் கைவிரித்தது. அதன் பிறகு ஆளாளுக்குப் பிடித்த அலையில் ஏறி உட்கார்ந்தார்கள், நாடெங்கும் சீழ்க்கை. 1927இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் செய்தது. பொதுநலன், வசதி, தேவை ஆகிய மூன்றையும் பார்த்தே உரிமம் தர வேண்டும் என்பது அதன் சாரம். இந்த மூன்று சொல்லும் என்ன பொருள்படும் என்று சட்டம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் வேலை மனுக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. 1934இல் பிறந்த கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் (இனி ‘ஆணையம்’ என வாளா கூறுவோம்) இன்றளவும் அந்த மனுக்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறது.

மனுவின் பொது இலக்கணம்

மனுவெனப் படுவது தன்குறை மறைத்துப்
பிறர்குறை யாகப் பேசும் எழுத்தே.

என்பது நூற்பா. இதன் பொருள் வெளிப்படை. மனு எழுதுபவர் ‘எனக்கு நட்டம்’ என்று எழுதமாட்டார். ‘நேயர்களுக்கு இடையூறு’ என்றே எழுதுவார். நேயர் என்பவர் யார், அவரை யார் பார்த்தார் என்னும் வினா இந்நூலின் இறுதியில் விடுக்கப்படும்.

இனி வகை. மனுவைப் பக்க எண்ணிக்கையால் வகுப்பாரும், அனுப்பியவரின் கட்டணத்தால் (அதாவது வழக்கறிஞர் கட்டணத்தால்) வகுப்பாரும் உளர். இரண்டும் ஒரே வரிசையைத் தருவதால் இரண்டில் ஒன்று மிகை. நாம் எழுதுபவரின் உந்துதலைக் கொண்டு வகுப்போம்.

அண்டை அருளே நலனே வார்ப்பே
கண்டதை எழுதல் எழுதாமை யென்றாங்கு
ஆறென மொழிப அலைவழி மனுவே.

1. அண்டை மனு

ஏற்கெனவே அலையில் குடியிருப்பவர், புதிதாக வருபவரைப் பார்த்து எழுதுவது. ‘குறுக்கீடு’ என்னும் சொல் முதல் பத்தியிலேயே வந்தால் அண்டை மனு என்று அறிக.

சிறந்த எடுத்துக்காட்டு குறைதிறன் எஃப்.எம். வானொலிக் கதை. 1997இல் மூன்று தனிமனிதர்கள் சேர்ந்து, ஊருக்குள் மட்டும் கேட்கும் சின்னஞ்சிறு நிலையங்களுக்கு இடம் கொடுங்கள் என்று ஆணையத்துக்கு மனுப் போட்டார்கள். அடுத்தடுத்து வேறு மனுக்களும் வந்தன. வில்லியம் கென்னார்டு தலைமையிலான ஆணையம் 2000 ஜனவரியில் இசைந்தது. 100 வாட் திறன், ஐந்தாறு கிலோமீட்டர் ஆரம். பள்ளி, தேவாலயம், தன்னார்வ அமைப்பு என்று லாப நோக்கமில்லாதவர்கள் நடத்தலாம்.

உள்ளே இருந்த சிக்கல் ஒரு தள்ளுபடி. அமெரிக்க எஃப்.எம். வரிசையில் அலைவரிசைகள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. ஓர் ஊரில் 93.1இல் பெரிய நிலையம் இருந்தால் அதற்கு மூன்றாவது பக்கத்து வரிசையான 93.7இலும் யாரும் வரக்கூடாது என்பது பழைய விதி. சின்ன நிலையத்துக்கு அந்த மூன்றாம் பக்கத்து விதி வேண்டாம் என்றது ஆணையம். தேசிய ஒலிபரப்பாளர் சங்கம் கொதித்தது. வெறும் மனு போதாதென்று ஓர் ஒலித்தட்டையும் தயாரித்துக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. தட்டைப் போட்டால் ஒரு நிகழ்ச்சியின் மேல் இன்னொரு குரல் ஏறிக் குதப்பும். இதுதான் நாளை உங்கள் வாக்காளர் வீட்டில் கேட்கப்போவது என்பது உட்பொருள். இந்தத் தட்டு தவறான எண்ணத்தை உண்டாக்குவது, உண்மையில் இப்படி நேராது என்று ஆணையத்தின் பொறியாளர்களே மறுத்தார்கள். பயனில்லை. பொறியாளர் குறிப்பைப் படிக்க வேண்டும்; தட்டைக் கேட்டால் போதும். 2000 டிசம்பரில் காங்கிரஸ் மூன்றாம் பக்கத்து விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. நகரங்களில் பெரும்பாலான சிறு நிலையங்களுக்கு அத்தோடு இடமில்லாமல் போயிற்று.

சட்டத்திலேயே ஆய்வு ஒன்றும் செய்யச் சொல்லியிருந்தார்கள். மைட்டர் நிறுவனம் ஆய்ந்து, பொருட்படுத்தத்தக்க குறுக்கீடு இல்லை என்று 2003இல் தெரிவித்தது. அந்த விதியை நீக்கும் சட்டம் 2011 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. 2013இல் விண்ணப்பம் வாங்கத் திறந்தபோது 2,800க்கு மேல் வந்து குவிந்தன.

அண்டை மனுவுக்கு ஓர் உட்பிரிவு உண்டு: பட்டா இல்லா அண்டை. தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு நடுவே ஊருக்கு ஊர் காலியாகக் கிடக்கும் இடங்களைக் கம்பியில்லா இணையக் கருவிகளோடு பகிர்ந்துகொள்ளலாமா என்று ஆணையம் 2002 முதல் கேட்டுக்கொண்டிருந்தது. கூடாது என்று எழுதியவர்களில் நாடக அரங்குகளும் தேவாலயங்களும் அடக்கம். அவர்களுடைய கம்பியில்லா ஒலிவாங்கிகள் அந்தக் காலி இடத்தில்தான் வேலை செய்தன. பாடகி டாலி பார்ட்டன் கூட 2008 அக்டோபரில் ஒலிவாங்கிகளுக்காகக் கடிதம் எழுதினார். அவருடைய ‘நைன் டு ஃபைவ்’ இசை நாடகம் பிராட்வேக்கு வரவிருந்த நேரம். இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த அலைவரிசைகளில் ஒலிவாங்கி பயன்படுத்தும் உரிமம் ஒளிபரப்பாளர், திரைப்படத் தயாரிப்பாளர் முதலிய சிலருக்கே அப்போது இருந்தது. அரங்குகளும் தேவாலயங்களும் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. புறம்போக்கில் வீடு கட்டியவர், அடுத்த மனையில் ஆள் வருவதாகத் தாசில்தாரிடம் புகார் கொடுத்ததை ஒத்தது இது. தாசில்தாரும் நல்லவர். ஆணையம் 2008 நவம்பர் 4 அன்று ஐந்துக்குச் சுழியம் என்ற வாக்கில் புதியவர்களுக்கு இடம் விட்டது. 2010இல் ஒலிவாங்கிகளுக்கும் இரண்டு வரிசைகளை ஒதுக்கி, இருந்தவர்களுக்கும் வழி செய்தது.

2. அருள் மனு

தன் கோரிக்கைக்குத் தெய்வத்தின் பரிந்துரை இருப்பதாகக் கூறுவது. இதன் மூல மாதிரி லாஸ் ஏஞ்சலஸ் நற்செய்தியாளர் எய்மி செம்பிள் மெக்பர்சன். தம் ஆலயத்தில் நிறுவிய வானொலி நிலையம் கொடுத்த அலைவரிசையில் நில்லாமல் நினைத்த இடமெல்லாம் உலவியது. அமைச்சக ஆய்வாளர் வந்து முத்திரை வைத்தார். உடனே அம்மையார், சாத்தானின் ஏவலாட்களை விலகச் சொல்லுமாறும், தாம் எல்லாம் வல்லவருக்கு வேண்டுதல் செலுத்தும்போது அவருடைய அலை வரவேற்பில்தான் பொருந்த முடியும் என்றும் பொருள்பட ஹூவருக்குத் தந்தியடித்ததாக ஹூவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். முடிவில் நல்ல பொறியாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ள அவர் இசைந்தாராம். தெய்வம் கைவிட்ட இடத்தில் பொறியாளர் கைகொடுப்பது இவ்வகையின் பொது முடிவு.

இதன் பெருக்கம் 1974இல் நிகழ்ந்தது. லோரென்சோ மைலம், ஜெரெமி லான்ஸ்மன் என்னும் இருவர், சமுதாய வானொலிக்காகவே உழைத்தவர்கள், ஆணையத்திடம் ஒரு மனுக் கொடுத்தார்கள். கல்விக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகள் சமயக் கல்லூரிகளின் கைக்குப் போவதை நிறுத்தி வைத்து விசாரியுங்கள் என்பது வேண்டுகோள். அதற்கு ஆர்.எம். 2493 என்று எண் கிடைத்தது. ஆணையம் 1975 ஆகஸ்டில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். அதற்குள் தேவாலயத்துக்குத் தேவாலயம் ஒரு செய்தி பரவியிருந்தது: நாத்திகர் மேடலின் மரே ஓஹேர் என்ற அம்மையார், வானொலியில் கடவுள் பெயரே வரக்கூடாதென்று ஆர்.எம். 2493 என்னும் மனுப் போட்டிருக்கிறார்! அந்த அம்மையாருக்கும் மனுவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மனுவில் கடவுளுக்குத் தடையுமில்லை. ஆனால் எண் மட்டும் மிகச் சரியாக இருந்தது. வதந்திக்குக் கோப்பு எண் இருந்தால் ஆயுள் கெட்டி. எதிர்ப்புக் கடிதங்கள் கோடியைத் தாண்டின. மனு செத்து இருபது ஆண்டு ஆன பிறகும் அதை நிராகரிக்கக் கோரிக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. தங்கள் கோரிக்கை எழுதும் முன்பே நிறைவேறிவிட்ட மனுக்காரர்கள் உலகில் இவர்கள் மட்டுமே.

3. நலன் மனு

‘எனக்குப் பயன் கிடைத்தது, ஆகவே அவரை விட்டுவிடுங்கள்’ என்பது. கான்சஸ் மாநிலத்து மில்ஃபோர்டில் ஜான் பிரிங்க்லி என்றொரு மருத்துவர். ஆண்மை குன்றியவர்களுக்கு ஆட்டுக்கிடாயின் விரைச் சுரப்பியை வைத்துத் தைப்பது அவர் கைவேலை. சொந்தமாக கே.எஃப்.கே.பி. என்னும் வானொலி நிலையமும் வைத்திருந்தார். நேயர் கடிதத்தை ஒலிவாங்கி முன் படிப்பார். நோயாளியின் முகம் பார்க்காமலே, இன்ன எண் மருந்தை வாங்கிச் சாப்பிடு என்பார். அந்த எண்ணுக்குரிய புட்டி அவரோடு ஏற்பாடு செய்துகொண்ட மருந்துக் கடைகளில் தயாராக இருக்கும். நாட்டிலேயே மிக விரும்பப்படும் நிலையம் என்று ஒரு வானொலி இதழ் வாசகர் வாக்கெடுப்பு நடத்தி அதற்குப் பொற்கிண்ணம் வழங்கியது. 1930இல் உரிமம் விசாரணைக்கு வந்தது. நலமடைந்தோம் என்று சாட்சி சொல்ல நோயாளிகள் திரண்டார்கள்.

உரிமம் மறுக்கப்பட்டது. அலைவரிசைகள் எண்ணிக்கையில் குறைவு. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. ஆகவே ஒருவருடைய சொந்த வியாபாரத்துக்கு அதைக் கொடுப்பதற்கில்லை என்ற போக்கில் 1931இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. மக்கள் விரும்புவதும் மக்களுக்கு நல்லதும் ஒன்றா என்னும் பழைய வழக்கில் வானொலியைப் பொறுத்தவரை வந்த முதல் தீர்ப்புகளில் இது ஒன்று. பிரிங்க்லி கலங்கவில்லை. மெக்சிகோ எல்லையைத் தாண்டி, ஆற்றுக்கு அக்கரையில் அதைவிடப் பன்மடங்கு வலிய நிலையம் கட்டி, அங்கிருந்து அமெரிக்கா முழுவதற்கும் மருந்து சொன்னார். தென் எல்லை பற்றிப் பாயிரத்திற் கூறியது ஈண்டு முடிந்தது.

4. வார்ப்பு மனு

ஓர் அச்சில் பல மனுக்கள். ஊர், பெயர், கையெழுத்து மாறும். உள்ளே ஒற்றெழுத்து மாறாது. இதை எண்ணுவதில்தான் ஆணையங்கள் திணறுகின்றன. 2004இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் ஒரு நிகழ்ச்சிக்காக, அதை ஒளிபரப்பிய நிலையங்களுக்குச் சுமார் 12 லட்சம் டாலர் அபராதம் விதிக்க ஆணையம் முன்வந்தது. வந்த புகார்கள் 159 என்றது. ஒரு பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டப்படி அவற்றைக் கேட்டார். கொடுத்தபோது 159 என்பது 90 ஆயிற்று. அந்தத் தொண்ணூறையும் எழுதியவர்கள் 23 பேர். இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே வார்ப்பு. ஆக, அந்த வார்ப்பை ஆக்கியவரையும் சேர்த்தால், தாமே உட்கார்ந்து எழுதியவர்கள் மூவர். தலைக்கு நான்கு லட்சம் டாலர் வலிமை கொண்ட பேனாக்கள் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

வார்ப்புக்கு நம் நாட்டு மாதிரியும் ஒன்று தருவோம். அது வானலையல்ல, பக்கத்துத் தெருவான இணையம். 2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய், தகவலுக்குத் தகவல் வேறு கட்டணம் வாங்கலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டது. பேஸ்புக்கின் இலவச இணையத் திட்டத்தை ஆதரிக்கிறேன் என்று லட்சக்கணக்கில் வார்ப்பு மின்னஞ்சல்கள் வந்தன. எதிலும் நான்கு கேள்விக்கும் பதில் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள் என்று டிராய் திருப்பிச் சொன்னது. தேர்வுத்தாள் திருத்திய எவருக்கும் அந்த வலி புரியும். 2016 பிப்ரவரியில் முடிவு மறுபக்கம் போனது.

வார்ப்பு மனுவை இகழ்வார் உளர். அது பிழை. ஒரு மனிதர் தாமாகச் சொல்லத் தெரியாததை அச்சில் கையெழுத்திட்டுச் சொல்வது குற்றமாகாது. நூறாயிரம் வார்ப்பு ஒரு செய்தியைத்தான் சொல்லும், அதை நூறாயிரம் செய்தி என்று எண்ணுவதுதான் குற்றம்.

5. கண்டதை எழுதல்

நாளும் நாழியும் கேட்டதும் குறித்தல்
ஆளை மறைத்தும் அவையில் நிற்குமே.

இவ்வகை அரிது. ஒன்றே சொல்வோம், அது போதும்.

மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் டபிள்யூ.எல்.பி.டி. என்னும் தொலைக்காட்சி நிலையம். அதன் வீச்சுக்குள் இருந்த மக்களில் சுமார் 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். திரையில் அவர்கள் இல்லை. இனச் சமத்துவம் பேசும் வலையமைப்பு நிகழ்ச்சி வரும்போது ‘கம்பிக் கோளாறு’ என்று பலகை விழும் என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. ஐக்கிய கிறிஸ்து சபையின் எவரெட் பார்க்கர் என்னும் போதகர், மனு எழுதும் முன் ஒரு வேலை செய்தார். 1964 மார்ச்சில், உள்ளூர்த் தன்னார்வலர்கள் சிலரைப் பழக்கி, ஒரு வாரம் முழுக்க அந்த நிலையத்தைப் பார்க்க வைத்தார். என்ன நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், யார் வந்தார், யாரை எப்படி அழைத்தார்கள், வெள்ளையருக்குப் போட்ட ‘திரு’வைக் கறுப்பருக்குப் போட்டார்களா என்று குறிப்பேட்டில் ஏற்றினார்கள். பார்த்தவர்களின் பெயர் வெளியே சொல்லப்படவில்லை. அந்த ஆண்டில், அந்த ஊரில், தொலைக்காட்சி பார்த்ததற்காக உயிர் போகலாம்.

மனு போயிற்று. ஆணையம் 1965இல், உங்களுக்கு இதில் முறையிட உரிமையே இல்லை என்றது. அதற்கும் ஓர் இலக்கணம் இருந்தது. அதுவரை உரிமத்தை எதிர்க்கத் தகுதி பெற்றவர் இருவரே: பணம் இழப்பவர், அலையில் குறுக்கீடு பெறுபவர். அதாவது பையில் அடிபட்டவர், அலையில் அடிபட்டவர். நேயருக்குப் பையுமில்லை, அலையுமில்லை. காது மட்டும் இருந்தது. காது தகுதியாகுமா? ஆகும் என்று 1966இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எழுதியவர் பின்னாளில் தலைமை நீதிபதியான வாரன் பர்கர். நேயரின் நலனை ஆணையமே முழுதாகக் காத்துவிடும் என்று இனியும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பது தீர்ப்பின் உயிர். அதன் பின்னும் ஆணையம் உரிமத்தைப் புதுப்பித்தது. 1969இல் நீதிமன்றம் அதையும் ரத்துச் செய்தது.

6. எழுதாமை

எழுதாதவர்களை மனு வகையில் சேர்த்தது என்னையெனின், மற்ற ஐவகையும் இவர்கள் பெயரில் எழுதப்படுவதால் என்க. அண்டை மனு இவர்களின் காதுக்காக வருந்தும். அருள் மனு இவர்களின் ஆன்மாவுக்காக. நலன் மனு இவர்களின் உடம்புக்காக. வார்ப்பு மனு தானே இவர்கள் என்று சொல்லிக்கொள்ளும். கோடிக்கணக்கில் உள்ள இவ்வகையார் ஆணையத்தின் கோப்பில் ஒருவராகவும் பதிவதில்லை. வானொலி சரியாகக் கேட்கவில்லையென்றால் குமிழைத் திருகி வேறு நிலையம் வைப்பார்கள். அதற்கு எண் கிடையாது. ஐந்தாம் வகையினர் மட்டுமே இவர்கள் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், இவர்கள் இழந்ததை நாளும் நாழியும் போட்டுக் காட்டினார்கள். எண்ணிக்கை கோடியைத் தொட்ட மனு இறந்துபோன ஒரு கோப்பையே துரத்தியது. ஒரு வாரக் குறிப்பேடு ஒரு நிலையத்தின் உரிமத்தையே அசைத்தது. இந்நூல் சொல்ல வந்தது இவ்வளவே.

புறனடை

ஒருவகைக் குரியார் பிறவகை புகினும்
வரையார் என்ப மனுநூ லோரே.

மேற்கூறிய வகைகள் மனுவுக்கே, மனிதருக்கல்ல. பொதுமக்களின் வானொலி என்றே பெயர் பெற்ற தேசிய பொது வானொலி, 2000இல் சின்ன நிலையங்களை எதிர்க்கும்போது வணிக ஒலிபரப்பாளர்களோடு அண்டை வரிசையில் நின்றது. பொதுநல உள்ளம் படைத்தவருக்கும் பக்கத்து வரிசையில் ஆள் வந்தால் குறுக்கீடு கேட்கத்தான் செய்கிறது. ஆகவே மனுவைப் பெறுவோர் கையெழுத்தைப் பார்த்து வகுக்க வேண்டா. ‘எந்த அலைவரிசை, எந்த நாள், எத்தனை மணிக்கு, எது கேட்காமல் போனது’ என்ற நான்கையும் தேடிப் பார்க்கவும். நான்கும் இருந்தால் எழுதியவர் யாராயினும் ஐந்தாம் வகையில் வைக்கவும்.

மனு எழுதப் புகுவார்க்கும் ஒரு சொல். ஜாக்சன் மனு போடப்பட்டது 1964இல். நிலையம் இடைக்கால நிர்வாகத்தின் கைக்கு மாறியது 1971இல். மறு ஆண்டு வில்லியம் டில்டே அதன் பொது மேலாளர் ஆனார்; நாட்டின் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு அப்பதவியேற்ற முதல் கறுப்பினத்தவர். எட்டு ஆண்டு. மூன்று பேரின் குறைதிறன் மனுவுக்கு இதைவிட அதிகம் பிடித்தது. ஆதலால் குறிப்பேட்டைத் தடித்த அட்டை போட்டதாகப் பார்த்து வாங்கவும்.